நேராக இருந்த கத்திகள்

மே 13, திங்கள்

தூத்துக்குடியில் மீன் ஆலைக்குக் கத்தி செய்து கொடுக்கும் ஜெரால்டு அனுப்பிய பெட்டி காலையில் வந்தது. முந்நூற்றுப் பத்துக் கத்திகள். பிடி போடாதவை, பதம் ஏற்றாதவை. ஒன்பது அங்குல நீளம், இரண்டு மில்லிமீட்டர் கனம், துருப்பிடிக்காத எஃகு. மீன் ஆலையில் முள்ளை ஒட்டிச் சதையைச் சீவி எடுப்பதற்கு.

பெட்டியைப் பிரிக்கும்போதே ஜெரால்டு போனில் வந்தார். "அக்கா, முள்ளோட ஒட்டி ஒரே இழுப்புல போவணும். நூலளவு கோணல் இருந்தாலும் சதை முள்ளுலயே தங்கிரும். பொம்பளைங்க ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இதைப் பிடிச்சு நிக்காவ. பாத்துச் செய்யுங்க."

ஜூன் பதினான்கோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. பதினைந்தாம் தேதி விசைப்படகுகள் கடலுக்குப் போய்விடும். அதற்குள் கத்திகள் ஆலையில் இருக்க வேண்டும்.

மோட்டார் ஷாஃப்ட், பல்சக்கரம் என்று தடித்த சாமான்களைச் சுட்டுக் கெட்டியாக்கிக் கொடுத்தே இந்த ஷெட்டில் பதினாறு வருடம் போய்விட்டது. இவ்வளவு மெல்லிய வேலை இதுதான் முதல் தடவை. ஒப்புக்கொண்டுவிட்டேன்.

தண்ணீர் லாரிக்குச் சொல்ல வேண்டும். இந்த வருட டைரியில் கோடுகளை ஒழுங்காக அச்சடிக்கவில்லை. பக்கத்தின் நடுவில் நெளிகின்றன. அடுத்த வருடம் வேறு கடையில் வாங்க வேண்டும்.

மே 14, செவ்வாய்

சோதனைக்குப் பத்து. ஃபர்னஸில் ஆயிரத்து நாற்பது டிகிரி. மயில்சாமி அண்ணா இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெயில் இறக்கினார். ஷெட் ஆரம்பித்த நாளிலிருந்து ஃபர்னஸ் அவர் கையில்தான். எண்ணெயில் இறக்கும்போது கை ஆடாது, நுனி கீழே, நேர் செங்குத்து.

பத்தில் ஏழு வளைந்தன. இரண்டு திருகிக்கொண்டன.

"அப்பளம் பொரிச்ச மாதிரி ஆயிப்போச்சுங்க அம்மிணி" என்றார் அண்ணா.

மே 16, வியாழன்

இரண்டு நாள் யோசித்ததில் தேறியது இது.

தகடு சுருளாகச் சுற்றி வந்தது. நிமிர்த்தி வெட்டியிருக்கிறார்கள். ஆனால் சுருண்டிருந்த இறுக்கம் உள்ளேயே இருக்கிறது, சூடு பட்டதும் வெளியே வருகிறது. ஆகவே முதலில் அறுநூற்றைம்பது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஃபர்னஸுக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்டு, அந்த இறுக்கத்தைப் போக்க வேண்டும். கெட்டியாக்குவது அதற்குப் பிறகுதான்.

எண்ணெய் வேண்டாம். கத்தியின் ஒரு முகம் முதலில் குளிர்ந்தால் அந்தப் பக்கம் இழுத்துவிடுகிறது. இந்த எஃகுக்கு அவ்வளவு வேகமான குளிர்ச்சியும் தேவையில்லை. இரண்டு கனமான அலுமினியப் பலகைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் இரு முகமும் ஒரே நேரத்தில் குளிரும், வளைய இடமும் இருக்காது.

பிறகு, எஃகு எளிதில் உடையாமலிருக்க இருநூறு டிகிரியில் பதம் தணிக்கும்போதும் சும்மா போடக்கூடாது. நேரான இரும்புப் பட்டைகளுக்கு நடுவில் முடுக்கிப் போட வேண்டும்.

அடுத்த தடவை விளிம்பைப் பதம் ஏற்றிய பிறகு தீட்டச் சொல்லி ஜெரால்டிடம் சொன்னேன். அவர் முன்கூட்டியே ஒரு பக்கம் அதிகமாகச் சீவியிருக்கிறார். மெலிந்த பக்கம் முதலில் குளிரும்.

சாயங்காலம் மழை. ஷெட்டில் ஒழுகும் இடத்தில் வாளி வைத்தோம்.

மே 18, சனி

பலகைகள் வந்துவிட்டன. பத்துக் கத்திகளை மேற்படி முறையில் செய்தோம். அண்ணா ஒவ்வொன்றையும் சர்ஃபேஸ் பிளேட்டில், அதாவது அளவு பார்க்கும் கருங்கல் பலகையில் படுக்கவைத்து, அடியில் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தார். எங்கும் நுழையவில்லை.

"பத்துக்குப் பத்துங்க. பீடித்தாள் கூடப் போகலை." இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் என் வழக்கப்படி பார்த்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு, கத்தியை வலது கண்ணுக்கு நேராக நீட்டி, முதுகின் ஓரத்தில் ஓடும் வெளிச்சத்தைப் பார்ப்பது. பத்திலும் நடுவில் சிறிய நெளிவு. அண்ணாவிடம் சொன்னேன். அவர் மறுபடியும் கல்லில் வைத்தார். தகடு நுழையவில்லை.

கல்லும் பதினாறு வருடக் கல். எத்தனை ஷாஃப்டை அதன்மேல் உருட்டியிருக்கிறோம். தேய்ந்திருக்கும்.

மே 21, செவ்வாய்

பலகையை இரண்டு நிமிடம் அதிகமாக அழுத்தினோம். அதே நெளிவு. பலகைமேல் எடை கூட்டினோம். அதே நெளிவு. பலகையைத் திருப்பிப் போட்டோம்.

எல்லாக் கத்தியும் ஒரே இடத்தில்தான் நெளிகிறது. ஒரே இடத்தில் நெளிந்தால் காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை.

மே 22, புதன்

கேட்டில் இடித்து ஸ்கூட்டர் கண்ணாடி உடைந்தது. இந்த மாதத்தில் இரண்டாவது. "கேட்டைத்தான் அகலப்படுத்தோணும் போல" என்றார் இவர். வீட்டுக்காரருக்கு எல்லாம் வேடிக்கை.

மே 25, சனி

இருபது நாள்தான் இருக்கிறது. காரணம் பிடிபடவில்லை. அண்ணாவை ஃபர்னஸைப் பார்க்கச் சொல்லிவிட்டு, முடிந்த கத்திகளை நானே சுத்தியலால் தட்டி நிமிர்க்க ஆரம்பித்தேன். அடியில் மரக்கட்டை. இரண்டு தட்டு, மூன்று தட்டு. பிறகு கண்ணுக்கு நேராக வந்துவிடுகிறது.

கெட்டியான கத்தியை ஆறிய பிறகு அடிக்கக்கூடாது என்று டிப்ளமோ இரண்டாம் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். தெரியும். லேசாகத்தான் அடிக்கிறேன்.

இன்று நாற்பத்தைந்து.

மே 27, திங்கள்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். நடந்ததை எழுதத்தானே டைரி.

காலையில் இன்னும் அறுபது வந்தன. அதே இடம், அதே நெளிவு. அண்ணாவைக் கூப்பிட்டேன்.

"பலகையைச் சாய்ச்சு இறக்கறீங்கண்ணா. அதான் எல்லாமே ஒரே பக்கம் போகுது."

"சாய்க்கலீங்க அம்மிணி. நேராத்தான் இறக்கறேன்."

"அப்பறம் இது என்னது?"

கத்தியை வாங்கிக் கல்லில் வைத்து நாலு பக்கமும் பார்த்தார். "நேரா இருக்குதுங்க."

"எனக்கென்ன கண்ணு பொட்டையா?"

அவர் கத்தியைத் துடைத்துவிட்டு வைத்தார். "நேரா இருக்கறதைப் போட்டு அடிக்கறீங்க. உள்ளார விரிசல் உழுந்துதுன்னா வெளிய தெரியாதுங்க. இது யாரோ கையில புடிக்கற சாமானுங்க."

"பதினாறு வருசமா என்ற கண்ணுல பாத்துத்தான் இந்த ஷெட்டு நடக்குது. புடிக்கலீன்னா வரவேண்டியதில்லை."

ஃபர்னஸைத் தணித்தார். கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கை கழுவினார். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு "சரிங்க" என்றார்.

கோபத்தில் சொன்னதுதான். அது அவருக்கும் தெரியும். நாளைக்கு வந்துவிடுவார்.

மே 28, செவ்வாய்

வரவில்லை.

மே 30, வியாழன்

ஃபர்னஸும் நானே, சுத்தியலும் நானே. இன்று ஐம்பத்திரண்டு. அண்ணா சூலூர்ப் பக்கம் வேறு ஷெட்டில் சேர்ந்துவிட்டதாகப் பக்கத்து லேத்துக்காரர் சொன்னார். இரண்டு நாளில் வேலை கிடைத்துவிட்டது. கிடைக்காமல் என்ன.

மாவு தீர்ந்துவிட்டது. மூன்று நாளாக இவர் கிண்டும் உப்புமாதான்.

ஜூன் 6, வியாழன்

முந்நூறும் முடிந்தது. எல்லாவற்றையும் தட்டி, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, எண்ணெய்த் தாளில் சுற்றிப் பெட்டி போட்டு அனுப்பியாயிற்று. ஒன்றில்கூட நெளிவு இல்லை. தோள் கழன்றுவிடும்போல வலி.

ஜூன் 11, செவ்வாய்

ஜெரால்டு போன் செய்தார்.

"என்னக்கா, பாதிக்குப் பாதி வளைஞ்சு வந்திருக்கு? நடுவுல ஒரு மேடு. எல்லாத்துலயும் ஒரே இடத்துல."

லாரியில் மேலே ஏதாவது பாரம் ஏற்றியிருப்பார்கள் என்றேன். பெட்டி நசுங்கவில்லையே என்றார். ரொம்ப மோசமான அறுபதை ஒதுக்கிவிட்டு மற்றதற்குப் பிடி போடுகிறாராம். வேறு வழியில்லை, நாள் இல்லை.

நான் அனுப்பும்போது நேராக இருந்தன. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூன் 15, சனி

படகுகள் போய்விட்டன. நாளை மறுநாள் முதல் மீன் வரும் என்று ஜெரால்டு செய்தி.

ஜூன் 20, வியாழன்

நேற்று ஆலையில் ஒரு கத்தி பாதியில் உடைந்து, பிடித்திருந்த பெண்ணின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டதாம். ஆபரேஷன் செய்திருக்கிறார்களாம். பெயர் ஜெபசீலி. உடைந்த துண்டுகளையும் வளைந்ததில் பத்தையும் ஜெரால்டு பஸ் பார்சலில் அனுப்புகிறார்.

கத்தி உடைவதற்கு எத்தனையோ காரணம் உண்டு.

ஜூன் 22, சனி

பார்சல் பத்து மணிக்கு வந்தது. முதலில் உடைந்த துண்டுகளை எடுத்தேன். உடைந்த முகத்தில் பெரும்பகுதி புதிதாக மினுங்கியது. ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குப் பழுப்பு. அந்த இடத்தில் விரிசல் முன்பே இருந்திருக்கிறது, உப்புத்தண்ணீர் உள்ளே ஏறியிருக்கிறது. அதற்கு நேர்மேலே, மெருகு போட்டும் மறையாமல், சுத்தியலின் தடம்.

உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு வளைந்தவை என்று அனுப்பிய பத்தையும் எடுத்துப் பார்த்தேன். பத்தும் நேராக இருந்தன. எனக்குக் கோபமே வந்தது. இதையா வளைசல் என்கிறார்? ஒன்றை மறுபடி தூக்கிப் பிடித்தபோது ஃபர்னஸ் பக்கமிருந்து வந்த தூசி வலது கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே, கத்தியை இறக்காமல், இடது கண்ணால் பார்த்தேன்.

நடுவில் மேடு. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் அளவுக்கு.

கண்ணைக் கழுவிவிட்டு வந்து, வலது கண்ணால் பார்த்தேன். நேர். இடது கண்ணால் பார்த்தேன். மேடு. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு கூரையிலிருந்த குழல்விளக்கைப் பார்த்தேன். அதன் நடுவில் நெளிவு இருந்தது. கதவு நிலையிலும் இருந்தது. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் ஓரத்திலும் இருந்தது. நான் எங்கே பார்த்தேனோ அங்கெல்லாம், நடுவில், அதே அளவுக்கு.

ஒரே காரணம்தான். கண்டுபிடித்துவிட்டேன்.

அண்ணா செய்து கொடுத்தவை எல்லாமே நேராக இருந்தன. வளைத்தது நான்.

ஜூன் 23, ஞாயிறு

அந்தக் கத்திகள் இன்னும் ஆலையில்தான் இருக்கின்றன. ஜெரால்டிடம் சொல்ல வேண்டும். இன்று ஞாயிறு, ஆலை விடுமுறையாக இருக்கும். நாளை காலை முதல் வேலை அதுதான்.

வீட்டில் துணி துவைத்தேன். மாங்காய் நறுக்கி உப்பில் போட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 24, திங்கள்

எட்டு மணிக்கு ஜெரால்டைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். உடனே அத்தனை கத்தியையும் வாங்கிவிடும்படி சொன்னேன்.

"சீசன் நேரத்துலயா அக்கா" என்றார். பிறகு, "எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமையா?"

"ஞாயித்துக்கிழமை ஆலை லீவுன்னு நெனச்சேன்."

"சீசன்ல ஏதுக்கா லீவு? நேத்து ரெண்டு ஷிப்ட் ஓடிச்சு. எங்க சித்தி மவளும் அங்கதான் நிக்கா." போனை வைத்துவிட்டார்.

பதினோரு மணிக்கு அவரே மறுபடி கூப்பிட்டார். இருநூற்று முப்பத்தொன்பதையும் வாங்கிவிட்டாராம். நேற்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். ஆலையில் பழைய கத்திகளைத் தீட்டிச் சமாளிக்கிறார்கள்.

ஒன்றும் ஆகவில்லை என்பது என் புண்ணியத்தால் அல்ல.

ஜூன் 25, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. இவரும் வந்தார். பஸ்ஸில்தான் சொன்னேன். கேட் ஜோக் எதுவும் அடிக்காமல் கேட்டுக்கொண்டு வந்தார்.

கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கையில் கொடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார்கள். வலது கண்ணில், நடுக்கட்டங்கள் குழிக்குள் விழுந்த வலை மாதிரி வளைந்தன. ஏழாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறேன், பவர் மைனஸ் பதினொன்று. இவ்வளவு பவர் உள்ள கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்துபோகுமாம். அதன் அடியில் புது இரத்தக்குழாய் முளைத்துக் கசிந்து, விழித்திரையை மேடாக்கியிருக்கிறது. டாக்டரம்மா படத்தில் காட்டினார். சின்ன மேடுதான்.

"எப்ப இருந்து இப்படித் தெரியுது?"

"ஒரு வாரமாங்க."

படத்தைத் திரும்பவும் பார்த்தார். "இது ஒரு வாரத்து மாதிரி தெரியலையே."

"ஏப்ரல்ல இருந்துன்னு வெச்சுக்குங்க" என்றேன்.

கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மாதம் ஒன்றாக இன்னும் சில போட வேண்டும். கசிவு நிற்கும், நெளிவு குறையலாம், முழுக்கப் போகுமா என்று சொல்ல முடியாது, முன்னாடியே வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார். இடது கண் நன்றாக இருக்கிறது.

திரும்பி வரும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்க வைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 27, வியாழன்

சூலூரில் மயில்சாமி அண்ணா வீட்டுக்குப் போனேன். ஷிப்ட் முடித்து வந்து குளித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் நாற்காலி போட்டார். டீயும் வந்தது. அது வந்ததே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

துண்டோடு வந்து நின்றவரிடம் நேராகச் சொன்னேன். "நீங்க சொன்னதுதான் சரிண்ணா. கத்தியெல்லாம் நேராத்தான் இருந்துச்சு. என்ற கண்ணுதான் கெட்டுப்போச்சு. உங்களைப் பேசினது தப்பு."

அவர் என் கண்ணைப் பார்த்தார். ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கட்டிச் சிவந்து கிடந்தது.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சுங்க" என்றார். "கேட்டுல இடிச்சப்பவே. இடுக்கியை நீட்டுனா ஒரு விரக்கடை தள்ளிப் புடிக்கறீங்க. சொல்லோணும்னு நெனச்சேன். நீங்க அப்படிப் பேசுனதும், போய்த் தொலையட்டும்னு உட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அதும் தப்புத்தானுங்களே" என்றார்.

ஜெபசீலியைப் பற்றிச் சொன்னேன். அவர் சம்சாரம் உள்ளே போய்விட்டார். அண்ணா தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு நின்றார்.

"மிச்சக் கத்தி?"

"நாளைக்கு வருது. விரிசல் பாக்கோணும். என்னால பாத்துச் சொல்ல முடியாது."

"மூணு மணிக்கு ஷிப்ட் முடியுதுங்க. நாலுக்கு வந்தர்றேன்" என்றார்.

ஜூன் 28, வெள்ளி

சரியாக நாலு மணி.

கத்திகளைக் கழுவிக் காயவைத்து, சிவப்புச் சாயம் பூசி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்தோம். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாக ஊறி வரும். அண்ணா பார்த்தார். நான் பூசினேன், துடைத்தேன், எண்ணிக்கை எழுதினேன்.

முதல் ஐம்பதில் ஒன்றும் இல்லை. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஐம்பத்து மூன்றாவது கத்தியை அண்ணா தனியாக வைத்தார். அதன் நடுவில் மயிர் போல ஒரு சிவப்புக் கோடு.

ஜூன் 29, சனி

முடிந்தது. இருநூற்று முப்பத்தொன்பதில் பதினொன்று.

பதினொரு பெண்கள் கையில் அது இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும்.

ஜூலை 1, திங்கள்

ஜெரால்டு புதுக் கத்திகள் முந்நூறு அனுப்பிவிட்டார். அதோடு ஒரு வரி: "உங்களுக்குக் கடைசி வாய்ப்பு குடுக்கேன்னு இல்லக்கா, வேற ஆள் இல்ல." விளிம்பு தீட்டாமல் அனுப்பியிருக்கிறார். நான் சொன்னதை அவராவது கேட்டிருக்கிறார்.

ஜூலை 8, திங்கள்

ஒரு வாரமாக அண்ணா நாலு மணிக்கு வந்து எட்டு மணி வரை இருக்கிறார். பகலில் நான் முதல் சூட்டை முடித்து, மெதுவாக ஆறவிட்டு வைக்கிறேன். அவர் வந்ததும் ஆயிரத்து நாற்பது, பலகை, அழுத்தம். பதம் தணிக்கப் பட்டைகளுக்கு நடுவில் முடுக்குவது என் வேலை. பார்ப்பது கல்லும் தகடும் மட்டும்தான். கண்ணுக்கு நேராக நீட்டிப் பார்ப்பது கிடையாது. இரண்டு தடவை பழக்கத்தில் கை தானாகத் தூக்கிவிட்டது. கீழே வைத்தேன்.

கல்லுக்கு அளவு பார்க்க ஆள் வரவழைத்தேன். தேயவில்லை. வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கிறதாம்.

ஜூலை 11, வியாழன்

முந்நூறில் நாலு மட்டும் வளைந்தன. உண்மையாகவே வளைந்தவை. கல்லில் தகடு நுழைந்தது. அவற்றை அடிக்கவில்லை. வளைந்த பக்கத்துக்கு எதிராக நடுவில் ஒரு சின்னத் தகட்டை முட்டுக்கொடுத்து, பட்டையில் முடுக்கி, மறுபடி இருநூறு டிகிரியில் இரண்டு மணி நேரம். மூன்று நிமிர்ந்தன. ஒன்று நிமிரவில்லை, ஒதுக்கிவிட்டோம்.

சாயச் சோதனையும் செய்தோம். எல்லாம் வெள்ளை.

"அந்த ஷெட்டுல இந்த மாசக் கடைசி வரைக்கும் சொல்லியிருக்கறேனுங்க" என்றார் அண்ணா, கையைத் துடைத்துக்கொண்டே. "அதுக்கப்பறம் பாக்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 13, சனி

தூத்துக்குடி. கத்திப் பெட்டியோடு நானே போனேன். ஜெரால்டு ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். ஆலைக்குப் போகுமுன் திரேஸ்புரத்தில் ஜெபசீலி வீட்டில் விடச் சொன்னேன். தெருமுனையில் இறக்கிவிட்டு, "நீங்களே பேசுங்க" என்றார்.

முப்பது வயதிருக்கும். வலது கையில் கட்டு, விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. இடது கையால் சோற்றுப்பானையை இறக்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் பானையை வைத்துவிட்டு, உட்காரச் சொன்னார்.

பஸ்ஸில் எட்டு மணி நேரம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "உங்க கையில உடைஞ்சது நான் செஞ்ச கத்திங்க. உடையற மாதிரி செஞ்சதும் நான்தான்" என்றேன். கண்ணைப் பற்றியும் சொன்னேன்.

ஜெபசீலி அழவில்லை, திட்டவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அப்போ கத்திதானா?"

"ஆமாங்க."

"எங் கை இல்லியே?"

எனக்குப் புரியவில்லை.

"நான் அசட்டையாப் பிடிச்சதாலதான் உடைஞ்சுதுன்னு ஆபீஸ்ல எழுதிட்டாவக்கா. ஆஸ்பத்திரியில வச்சே கைநாட்டு வாங்கிட்டாவ. வலது கையில கட்டு இருக்குன்னு இடது கைப் பெருவிரலப் பிடிச்சு உருட்டுனாவ. நான் பன்னெண்டு வரைக்கும் படிச்சவ. கைநாட்டு வச்சிட்டு வந்திருக்கேன்." குரல் அங்கேதான் உடைந்தது. "எட்டு வருசமா நிக்கேன் அங்க. ஒரு நாள் கைய வெட்டிக்கிட்டதில்ல. வீட்டுல எல்லாரும் நீ பாத்துப் பிடிச்சிருக்கக்கூடாதான்னு கேக்காவ. நானே அப்பிடித்தான் போலன்னு நினைச்சிட்டேன்."

இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லையாம். பயிற்சி கொடுத்தால் ஒன்று மடங்கும், மற்றது சந்தேகம் என்று டாக்டர் சொன்னாராம். அந்தக் காகிதம் இருக்கும்வரை ஆலையிலிருந்து அவருக்கு எதுவும் கிடைக்காது, வேலை உட்பட.

என் பையில் தாள் இருந்தது. ஆலை மேலாளர் பெயருக்கு எழுதினேன். என் ஷெட்டின் பெயர், பதம் ஏற்றிய தேதி, சுத்தியலால் அடித்த விவரம், சோதனையில் விரிசல் தெரிந்த பதினொரு கத்திகள், உடைந்த துண்டில் இருந்த பழைய விரிசல், துண்டு என்னிடம் இருக்கிறது என்பது. ஜெபசீலி கத்தியைப் பிடித்த விதத்தில் பிழையில்லை என்று தனியாக ஒரு வரி. எழுதி முடித்து அவரிடம் கொடுத்தேன்.

தாளைக் கட்டிலில் விரித்து, இடது கை விரலை வரிக்கு வரி வைத்து வாசித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"'எங்கள் ஷெட்டில் தெரியாமல் நேர்ந்த தவறு'ன்னு இருக்கே."

"ஆமாங்க."

"தெரியாமயாக்கா?"

தெரு பக்கம் யாரோ மீன் கூடையை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"இல்லீங்க" என்றேன். "அடிக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். என்கூட வேலை பாக்கறவரும் சொன்னார். நான் கேக்கலை."

"அப்போ அந்த வார்த்தைய எடுத்திருங்க."

பேனாவால் 'தெரியாமல்' என்பதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். அசிங்கமாக இருந்தது. "வேற தாள்ல சுத்தமா எழுதித் தரட்டுங்களா?" என்றேன்.

ஜெபசீலி தாளை என் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.

"வேண்டாம். அடிச்சது தெரியட்டும்."